கைக்குத் தெரிந்த இடம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அப்பா முதல் ஒரு வாரம் சாவியையே கண்ணில் காட்டவில்லை.

அது 2020ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நேரம். தொழிற்சாலைகள் மூடிக்கிடந்ததால் அப்பா ஓட்டிவந்த தொழிற்சாலைப் பேருந்தும் நின்றுபோயிருந்தது. எனக்கு எஸ்.பி.எம். ஆண்டு. பள்ளியும் இல்லை, வாகனமோட்டும் பயிற்சிப் பள்ளியும் இல்லை. சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டுக்கு முன்னால் பழைய புரோட்டோன் வீரா மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"ஏறி உக்காரு. கண்ண மூடு," என்றார் அப்பா.

மூடினேன்.

"வைப்பர் எங்க?"

தடவிப் பார்த்துச் சொன்னேன்.

"பெரிய லைட்டு? ஏர்கோன்? காத்து கூட்டு. காத்து கொற."

இப்படியே ஐந்து மாலைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்கள். ஓடாத காரில் கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டும் பெண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கும் எரிச்சல்தான். "எப்பப்பா ஓட்டுறது?" என்று கேட்டால், "ஒன் கைக்கு மொதல்ல காடி தெரியட்டும். அப்புறம் ஓட்டலாம்," என்பார். அதிகாலை நான்கரை மணிக்கே தோட்டங்களிலும் தாமான்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டியவர் அவர். இருட்டும் மழையும் அவருக்குப் பழகியவை. பின்னால் தூங்கிக்கொண்டு வரும் நாற்பது பேரை வைத்துக்கொண்டு எந்தப் பொத்தானையும் குனிந்து பார்க்க முடியாது என்பது அவருடைய பாடம்.

வீராவில் காற்றுக்கு ஒரு திருகும் குளிருக்கு ஒரு திருகும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே அளவு. அப்பா காற்றுத் திருகில் மட்டும் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கிச் சுற்றியிருந்தார். சின்ன வயதில் நான் அதை உருவி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். எதற்காக அந்த வளையம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் அதற்கு விடை கிடைத்தது. பொறியியல் பாடமொன்றில் விரிவுரையாளர் அல்போன்ஸ் சபானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 வகைக் குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகும் விபத்துக்குள்ளாயின. விமானியின் தவறு என்றே எழுதி மூடினார்கள். சபானிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் விசையும் இறக்கையின் மடிப்பை இயக்கும் விசையும் ஒரே தோற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன விமானி ஒன்று என்று நினைத்து மற்றொன்றை இழுத்தார். சக்கரம் மடங்கி, விமானம் வயிற்றால் தரையில் விழுந்தது. சபானிஸ் சொன்ன தீர்வு மிக எளிமையானது. ஒரு விசையின் நுனியில் சின்ன ரப்பர்ச் சக்கரம், மற்றொன்றின் நுனியில் இறக்கை வடிவில் ஓர் ஆப்பு. தொட்டாலே தெரிந்துவிடும்.

விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பாவின் ரப்பர் வளையம்தான் கண்முன் நின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தப் புதிய காரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணனுக்கு வேலை நிரந்தரமானது. வீராவுக்கு வயதாகிவிட்டது, மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுக் கடனில் புதிய கார் வாங்குவது என்று முடிவானது. எந்தக் கார் என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் பொறியியல் மாணவியாயிற்றே! காணொளிகளைப் பார்த்து, விலைகளை ஒப்பிட்டு, அட்டவணை போட்டு அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெரிய திரைதான் என்னை மயக்கியது. முன்பலகையில் பொத்தான் என்று பெயருக்கு இரண்டு மூன்று. மற்றதெல்லாம் வழவழப்பான கண்ணாடி. பார்ப்பதற்கு அவ்வளவு சுத்தம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அப்படிப்பட்ட கார்கள் இன்று ஊரெல்லாம் ஓடுகின்றன.

கார் வீட்டுக்கு வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து எல்லாம் முறைப்படி நடந்தது. அம்மா ஸ்டேரிங்கில் சந்தனம் வைத்துவிட்டு, அதே கையோடு திரையின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்தார். அண்ணன் பதறிப்போய்த் துடைத்தார். துடைத்ததில் ஏதோ அழுந்தி, காரின் கூரை விளக்குகள் எல்லாம் எரிந்தன. எல்லாரும் சிரித்தோம்.

சிரிப்பு மெல்ல மெல்லத்தான் குறைந்தது. அம்மா திருமணமான நாள் முதல் பதினெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தடித்துக் காய்ந்து வெடித்திருக்கும். பாட்டை மாற்றத் திரையைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். "என்னா, இதுக்கு என்னைப் புடிக்கலயா?" என்றார். இதற்குக் காரணம் உண்டு. இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கும். விரலில் உள்ள ஈரமும் உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அந்தப் புலம் மாறும். அதைத்தான் கணினி 'தொடுதல்' என்று எடுத்துக்கொள்கிறது. தோல் தடித்துக் காய்ந்திருந்தால் அந்த மாற்றம் போதாமல் போகலாம். பாடத்தில் படித்ததுதான். அம்மாவின் விரலைப் பார்க்கும் வரை அது வெறும் பாடமாகவே இருந்தது.

அப்பாவின் சிக்கல் வேறு. அவர் விரலைத் திரை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் வண்டியை ஓரம் கட்டினார். காற்றைக் கூட்ட ஓரம். கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க ஓரம். திரையில் முதலில் ஒரு பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம், அதற்குள்தான் அவர் தேடுவது. 'கிளைமட்' என்று எழுதியிருந்தால் அதற்குள் காற்று இருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வாகனக் குறியீடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்று ஓர் அனைத்துலகத் தரமே உண்டு. விசிறிப் படம் காற்றுக்கு, வளைந்த கண்ணாடியில் மேலெழும் அம்புகள் பனி நீக்கத்துக்கு என்று அப்பா அதையெல்லாம் எழுத்துக் கூட்டாமலே படிப்பார். அதே படங்கள் திரையிலும் இருக்கின்றன. ஆனால் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். குரலில் சொன்னால் கார் கேட்கும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். அதுவும் ஆங்கிலத்தில், கார் எதிர்பார்க்கும் உச்சரிப்பில். அப்பா மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை கார் யாருக்கோ தொலைபேசி அழைப்பு போட்டது.

இந்த இடத்தில் என் படிவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலில் நான் கெட்டிக்காரி. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம், ஆய்வுக்கூடத்தில் ஆசிரியை என்னிடம் 'சோரோங்' எடுக்கச் சொன்னார். நான் விழித்தேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது புனலை. அது என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது, எப்படி வடிகட்டுவது என்று அந்த வகுப்பில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து போன நம்மில் பலருக்கு இப்படி ஒரு 'சோரோங்' கட்டாயம் இருக்கும். எனக்கு அது ஓராண்டில் சரியாகிவிட்டது. 58 வயதில், தான் நன்றாகச் செய்யும் ஒரே வேலையில், அப்பாவை அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்.

2024 தீபாவளிக்கு முந்திய வாரம். கிள்ளானில் அத்தை வீட்டு விசேஷம் முடிந்து எல்லாரும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்த அண்ணன் பின்னால் அம்மாவோடு தூங்கிவிட்டார். நான் ஓட்டினேன். அப்பா என் பக்கத்தில். ஓய்வுப் பகுதியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, தூறலில் நனைந்தபடி ஓடிவந்து ஏறியிருந்தோம். அம்மா குளிர்கிறது என்றதால் புறப்படும் முன்பே ஏர்கோனை அணைத்துவிட்டேன்.

ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மழை கொட்டியது. அந்த மலைச்சரிவுப் பாதையை ஓட்டியவர்களுக்குத் தெரியும். வளைவும் இறக்கமும் கனரக லாரிகளுமாக இருக்கும். வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் சாலை தெளியவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் புரிந்தது, மங்கல் வெளியே இல்லை. நனைந்த துணியோடு நான்கு பேர் மூச்சுவிட்டதில் கண்ணாடி உள்பக்கம் கீழிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

செய்ய வேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும். ஏர்கோனைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். வீராவாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் முடிந்திருக்கும். திரையில் வரைபடம் இருந்தது. அதை மூட ஒரு தொடுதல். கார் ஒரு பள்ளத்தில் குலுங்கியது. விரல் தவறிப் பக்கத்தில் பட்டது. மின்னல் எஃப்.எம். அலறியது. அதை மூடக் குனிந்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 22 மீட்டர் ஓடும் என்பதை நான் பின்னால்தான் கணக்குப் போட்டேன். நிமிர்ந்தபோது இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோரக் கோட்டின் மேல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

அப்பா கத்தவில்லை. அவருடைய வலது கை மட்டும் நீண்டது. நேராக, தயக்கமே இல்லாமல், காற்றுத் திருகு இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் அந்தக் கை ஒரு கணம் அப்படியே நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த பதற்றத்திலும் நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அடுத்து அந்தக் கை பின்வாங்கி, தன் பக்கத்துக் கதவில் இருந்த கண்ணாடிப் பொத்தானை அழுத்தியது. அதற்கு மட்டும் உண்மையான பொத்தான் இருந்தது. கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. மழை உள்ளே அடித்தது. அவர் சட்டை நனைந்தது. முன்கண்ணாடியில் அவர் பக்கத்திலிருந்து மெல்லத் தெளிந்தது. "மெதுவா மா. முன்னுக்கு லாரி லைட்டப் பாத்துக்கிட்டே போ," என்றார். அபாய விளக்கைப் போடப் போனேன். "அது வேணா. நின்னாத்தான் போடணும்," என்றார். மழை என்றாலே நம்மவர்கள் நான்கு விளக்கையும் மின்ன விட்டுக்கொண்டு போவது அவருக்கு எப்போதும் பிடிக்காது.

வீடு வந்து சேர்ந்தோம். அதன்பிறகு அப்பா அந்தக் காரைத் தொடவே இல்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அண்ணன் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. முடியாதபோது வாடகைக் கார். கேட்டால், "கண்ணு சரியில்ல மா," என்பார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நாளிதழைக் கண்ணாடி போடாமல் படிக்கிறவர்.

நான் வளாகத்துக்குத் திரும்பி இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என் மடத்தனத்துக்குத் துணை தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணை நிறையவே கிடைத்தது.

2022ஆம் ஆண்டில் சுவீடனின் 'வி பில்லெகாரெ' என்ற கார் இதழ் 11 புதிய கார்களையும் 2005ஆம் ஆண்டு வால்வோ ஒன்றையும் சோதித்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது வெப்பத்தைக் கூட்டுவது, கண்ணாடிப் பனியை நீக்குவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சில வேலைகள். ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பொத்தான்கள் நிறைந்த பழைய வால்வோவில் எல்லாவற்றையும் முடிக்க 10 விநாடி; அதற்குள் கார் ஓடியது 306 மீட்டர். மிகவும் பின்தங்கிய புதிய காரில் ஏறத்தாழ 45 விநாடி, 1,372 மீட்டர். ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பரின் வேகத்தை மாற்ற டெஸ்லாவின் திரையில் குனிந்து, சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 2020இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம், அந்தத் திரையும் கைப்பேசி போன்ற மின்கருவிதான் என்று சொல்லி, அவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வாகனமோட்டத் தடையும் விதித்த தீர்ப்பை உறுதிசெய்தது.

என்னை அதிகம் உலுக்கியது நம் கடலில் நடந்தது. 2017 ஆகஸ்ட் 21, விடியற்காலை. யூ.எஸ்.எஸ். ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜொகூருக்கு அப்பால், சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் நேரம். சுக்கானும் இயந்திர வேகமும் தொடுதிரையில். வேகக் கட்டுப்பாட்டை மட்டும் இன்னொரு மாலுமியின் திரைக்கு மாற்றச் சொன்னார்கள்; தெரியாமல் சுக்கானும் சேர்ந்து மாறிவிட்டது. சுக்கான் பழுதாகிவிட்டது என்று பதறி, வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டு உந்துவிசிறிகளில் ஒன்றின் வேகம் மட்டும் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் திரும்பி அல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போனது. 10 மாலுமிகள் இறந்தார்கள். களைப்பும் போதிய பயிற்சி இல்லாததும் காரணங்கள் என்று விசாரணை சொன்னது. திரையின் வடிவமைப்பையும் சொன்னது. 2019இல் அமெரிக்கக் கடற்படை அவ்வகைக் கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் விசைகளையே திரும்பப் பொருத்துவதாக அறிவித்தது.

இதைப் படிக்கும் கணினித் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னால் எடுக்கும்போது கேமராப் படம் வருவதை அப்பாவே மெச்சினார். "இது பஸ்ஸுல இருந்திருக்கணும்," என்றார். வரைபடத்துக்குத் திரை வேண்டும். தயாரிப்பாளர் பக்கமும் புரிகிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி வார்ப்பு, தனிக் கம்பி, தனிச் சோதனை. எல்லாவற்றையும் ஒரே திரையில் போட்டுவிட்டால் செலவு மிச்சம், கார் விற்ற பிறகும் மென்பொருளைத் திருத்திக்கொள்ளலாம். புதிதும் இல்லை. 1986இலேயே பியூக் ரிவியேரா காரில் தொடுதிரை வந்து, ஓட்டுபவர்கள் குறைப்பட்டு, சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள். நம் சாலைகளில் ஓடும் ஹோண்டா சிட்டியில் 2014இல் ஏர்கோனுக்குத் தொடுபலகை வந்தது. 2020இல் வந்த அடுத்த தலைமுறையில் திருகுகள் திரும்பிவிட்டன. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப், 2026ஆம் ஆண்டுக்கான விதிகளில் சிக்னல், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் விசைகள் இல்லையென்றால் புள்ளி கிடைக்காது என்று சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலில் கண்ணாடிப் பனி நீக்கம் இல்லை என்பதை நான் இரண்டு முறை படித்து உறுதிசெய்துகொண்டேன்.

ஆனால் வரப்போகும் கார்கள் எங்களுக்கு உதவாது. எங்கள் வாசலில் நிற்பதற்கு இன்னும் எட்டு ஆண்டுக் கடன் இருந்தது.

அந்த ஆண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனதும், யாரும் படிக்காத காரின் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல். ஸ்டேரிங்கின் இடப்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதற்கு நமக்கு வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. அண்ணன் அதில் பாட்டுப் பட்டியலை வைத்திருந்தார். அதை மாற்றி முன்கண்ணாடிப் பனி நீக்கத்தை வைத்தேன். பட்டறையில் பழைய மிதிவண்டி டியூப் வாங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி அதன் மேல் ஒட்டினேன். "புதுக் காடிய என்னா பண்ணி வச்சிருக்க!" என்றார் அண்ணன். அப்புறம் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அன்று மாலை அப்பாவைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்.

"கண்ண மூடுங்கப்பா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"வைப்பர்?" சரியாகத் தொட்டார். "லைட்டு?" தொட்டார். "கண்ணாடிப் பனி?"

கை முதலில் முன்பலகைக்குத்தான் போனது. பாதியில் நின்றது. ஸ்டேரிங்குக்கு வந்து தடவியது. இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ரப்பரைக் கண்டுபிடித்தது. அதை அழுத்தாமல் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி. காத்து?" என்று இந்த முறை அவரே கேட்டார்.

"காத்துக்குத் திரையத்தான்பா தொடணும்," என்றேன்.

"ம்," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு வாட்டி கேளு."

ஐந்து மாலைகள் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடியும் வேலிக்கு வந்தார்கள். ஆறாம் நாள் காலை பசியாற ரொட்டி வாங்க வேண்டும் என்று சொல்லி, அண்ணனிடம் சாவியைக் கேட்டார். கடை இரண்டு தெரு தள்ளித்தான். எப்போதும் நடந்தே போவார். வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். மேகம் இல்லை. ஏறி உட்கார்ந்து, நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டுத்தான் புறப்பட்டார்.